பச்சைக் கதவின் கடைசி நாலு வரி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாய். அப்பா போனதிலிருந்து பதினாறு தடவை கூப்பிட்டிருப்பேன். மணி அடித்து அடித்து அதுவாகவே ஓய்ந்துவிடுகிறது. கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுத்தாக வேண்டுமே என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். கண்ணாடிக் கடையில் இப்போது லென்ஸ் தேய்க்கும் அறைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க அடுத்தவன் கண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்கே கண்ணாடி வந்துவிட்டது. நீ சிரிப்பாய் என்று எழுதினேன். ஆஸ்பத்திரிச் சலவை வேலை எப்படிப் போகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 14-ஆம் தேதி அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இங்கே ‘ஏணிக்காரர் நினைவுக்குழு’ என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஏணியில் நின்றபடியே பாட்டுக் கட்டியவர் என்று ஊர் வைத்த பெயர்தானே, அதையே வைத்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தலைவர். அப்பாவின் நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளையும் ஒரே புத்தகமாகப் போடப்போகிறோம். எண்ணூறு பேர் உட்காரும் அரங்கில் வெளியீடு. நான்தான் பாட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்கு எழுத வராது. அவர் பாடப் பாட நீதான் எழுதினாய். அந்தப் பதினோரு நோட்டுகளும் உன்னிடம் இருக்கின்றன. அவை இல்லாமல் புத்தகம் இல்லை. பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்றைக்கு, அப்பாவைக் கிடத்தியிருந்த நாளில், என்னமோ கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். தப்புதான். ஆனால் நீ செய்ததும் சரியென்று சொல்ல முடியாது. அதை விடு. இரண்டு பக்கமும் தப்பு என்று வைத்துக்கொள்வோம்.

பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்தேன். மேலே தெரிகிற கறுப்புக் கோடு அதுதான். நீ கூப்பிட்டது பதினாறு தடவை இல்லை, பதினொரு தடவை. போனில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

வேலையைக் கேட்டாய். காலையில் முந்நூறு விரிப்பு, மத்தியானம் ஆபரேஷன் அறைத் துணி. இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், மற்றதற்கெல்லாம் ப்ளீச்சிங் பவுடர். வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மெஷின் ஒன்றை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். எல்லார் விரலுக்கும் பச்சை விளக்கு எரியும், என் விரலுக்குச் சிவப்புதான். இருபத்தாறு வருஷம் பவுடரில் ஊறி என் ரேகையெல்லாம் தேய்ந்துபோயிற்றாம். “நீங்க இங்க வேலை பாக்கறதா மெஷின் ஒத்துக்க மாட்டேங்குதுக்கா” என்று சிரிக்கிறார் காவலாளி. எனக்கு மட்டும் தனியாக ஒரு கையெழுத்து நோட்டு.

‘ஏதோ சொல்லிவிட்டேன்’ என்கிறாய். ஏதோ இல்லை. எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. அப்பா முன்னறையில் கிடந்தார். அவரோடு பாடுகிறவர்கள் சுவரோரமாக உட்கார்ந்து ‘பச்சைக் கதவு’ பாட்டை ஆரம்பித்தார்கள். நான் சமையலறையிலிருந்து வந்து, “இந்த வீட்டுக்குள்ள மட்டும் அதப் பாடாதீங்க” என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. நீ எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால், “அன்னிக்கு நீ வெளியிலேயே நின்னிருக்கணும்” என்றாய். அதற்குப் பிறகு வந்த எந்த அழைப்பையும் நான் எடுக்கவில்லை, எடுக்கவும் தோன்றவில்லை. இதுதான் உன் ‘இரண்டு பக்கத் தப்பு’.

நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. தருகிறேன். ஒரே நிபந்தனை: ‘பச்சைக் கதவு’ புத்தகத்தில் வரக் கூடாது. மிச்சம் நூற்றுப் பதினொன்றையும் தங்க முலாம் பூசிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. உனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டில் இருப்பது மட்டும்தான். அப்பா பாட்டில் யார் பெயரையும் சொல்ல மாட்டார், கதவின் நிறத்தைச் சொல்லிவிடுவார். தெருவில் பாதிக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தவர் அவர்தானே. ‘மஞ்சக் கதவு வீட்டுக் குடிகாரா’ என்று பாடினால் மறுநாளே அந்த வீட்டுக்காரர், “அண்ணே, வேற கலர் அடிச்சுக் குடுங்கண்ணே” என்று வந்து நிற்பார். பாட்டாலேயே அப்பாவுக்கு வேலை வந்தது. தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். நம் வீட்டுக் கதவு பச்சை.

பள்ளிக்கூடங்களுக்குப் போட்டோ எடுக்க வந்தவரோடு பத்தொன்பது வயதில் போனேன். அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது என்று நாலாவது மாதம் தெரிந்தது. திரும்பி வந்தேன். காலை பத்து மணியிலிருந்து வெயில் சாயும்வரை பச்சைக் கதவின் முன்னால் நின்றேன். அப்பா உள்ளேதான் இருந்தார். அவர் இருமுவது எனக்குக் கேட்டது. அம்மாதான் பின்பக்கமாக வந்து, ஒன்றும் பேசாமல், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூன்று வாரத்தில் பாட்டு வந்துவிட்டது.

மஞ்சள் கதவுக்காரர் நிறத்தை மாற்றிக்கொண்டார். “நம்ம கதவையும் மாத்துங்கப்பா” என்று நானும் கேட்டேன். “மாத்தினா பாட்டு பொய்யாயிடும்மா” என்றார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே பச்சையை அவரே அடித்தார். இன்றைக்கும் யார் யாரோ வந்து கதவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னாள்.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அன்றைக்குச் சொன்னது தப்பு. இந்தத் தடவை ‘ஆனால்’ போடவில்லை.

ஆனால் பாட்டை எடுக்கச் சொல்லாதே. (பார், போட்டுவிட்டேன்.) குழுவில் சொல்லிப் பார்த்தேன். பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். “பச்சைக் கதவு இல்லாம ஏணிக்காரரா? அதுக்குப் பேசாம வெறும் ஏணியப் போட்டோ எடுத்துப் போடலாம்” என்றார். அவர் அந்தப் பாட்டின் கடைசி நாலு வரிக்கு மட்டும் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைதான் புத்தகத்துக்கு முன்னுரை.

முதலில் வருவதெல்லாம் உன்னைக் குத்துகிற வரிகள்தான், எனக்குத் தெரியாதா?

பச்சைக் கதவத் தொறந்து வெச்சா
பாத தெரிஞ்சு போனா
பெட்டியுமில்லே பேச்சுமில்லே
பின்வாசல் வழியா வந்தா

ஆனால் முடிவைப் பார், அக்கா.

கதவுக்குப் பூசின கைதான்
கதவத் தொறக்கலையே
ஊருக்கே பாடின வாய்தான்
உள்ளே வான்னு சொல்லலையே

பெற்ற தகப்பன் ஒருவன் தன்னையே நிற்கவைத்துக் கேட்கிறான். மேடையில் இந்த இடம் வந்தால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். கூட்டத்தில் மூக்கு உறிஞ்சாத ஆள் கிடையாது. அவர் வீட்டில் உன்னிடம் சொல்ல முடியாத மன்னிப்பை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதையா புத்தகத்திலிருந்து எடுக்கச் சொல்கிறாய்?

ஒன்று எழுதுகிறேன், சிரிக்காதே. அப்பா என் கல்யாணத்துக்குப் பாதியில் வந்தார், பாதியில் போனார், எங்கேயோ கச்சேரி. என் பிள்ளைகளைப் பெயர் மாற்றிக் கூப்பிடுவார். அவர்மேல் கோபம் வரும்போதெல்லாம் அந்த நாலு வரியை எனக்குள் பாடிக்கொள்வேன். இப்படி ஒரு வரி எழுதின மனுஷனை எப்படி வெறுப்பது என்று கோபம் இறங்கிவிடும். முப்பது வருஷமாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். என்னைப் பற்றி அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. திட்டிக்கூடப் பாடவில்லை. உனக்கு ஒரு முழுப் பாட்டு.

நோட்டுகளை அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பி,

உன் கடிதத்தைச் சலவை அறையில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நன்றாகவே சிரித்தேன். பக்கத்து மேசையில் விரிப்பு மடிக்கிறவள், “என்னக்கா, நல்ல செய்தியா?” என்றாள். “ஆமாம், எங்கப்பா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்காராம்” என்றேன்.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வெட்கத்தால் இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்ற எரிச்சலால்.

நான் திரும்பி வந்த மூன்றாவது வாரம் அப்பா ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கையைக்கூடக் கழுவாமல் வந்து, காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். “நோட்ட எடும்மா” என்றார். அந்த மூன்று வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். பன்னிரண்டு வயதிலிருந்து எழுதிய பழக்கம். அவர் பாடினால் என் கை தானாக ஓடும்.

முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரியில் தெரிந்துவிட்டது. கை நிற்கவில்லை. நாலு நாலு வரியாக ஒவ்வொரு அடியும் முடிந்ததும் படித்துக் காட்டினேன். அவரும் எப்போதும்போலக் கட்டைவிரலை அந்த அடிக்குப் பக்கத்தில் பதித்தார். அதுதானே நம் வீட்டு வழக்கம். எழுதத் தெரியாதவரின் கையெழுத்து. அவர் விரல் பதிந்தால் அந்த அடி முடிந்தது, அது அவருடையது. என்னைப் பற்றிய மூன்று அடியிலும் பச்சைப் பெயிண்டில் வைத்தார். நான் ஊதி ஊதிக் காயவைத்தேன்.

நாலாவது அடி அவருக்கு வரவில்லை. மூன்று நாள் முனகிக்கொண்டே திரிந்தார். நாலாவது நாள் அதே டின்னில் உட்கார்ந்து, ஏதோ குழாய் ஒழுகுகிறது என்று கேட்பதைப்போல என்னிடமே கேட்டார்: “முடிவு சரியா அமையல. நீதான் சொல்லேன், என்ன போடலாம்?”

நான் பேனாவை வைத்துவிட்டேன். “கதவுக்குப் பெயிண்ட் அடிச்ச கை, கதவத் தொறக்கல. ஊருக்கெல்லாம் பாடற வாய், உள்ளே வான்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. போங்க, இதயும் போட்டுக்குங்க!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அப்பாவைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு தடவைதான். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், அடிப்பார் என்று.

அவர் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் விரல் டின்னில் தாளம் போட ஆரம்பித்தது. நான் கத்தியதை இரண்டு தடவை முனகிப் பார்த்தார். நாலு வார்த்தையை வெட்டினார். “எழுதும்மா, இதான் முடிவு” என்றார்.

எழுதினேன். எழுதி முடித்ததும் நோட்டை நீட்டினேன். அவர் விரல் வைக்கவில்லை. “இது உன்னுது, நீ வை” என்று சொல்லி, பக்கத்தில் பாதி மீந்திருந்த பச்சைப் பெயிண்ட் டின்னை என் பக்கம் தள்ளினார். நான் வைத்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அப்பாவை ரொம்பப் பிடித்திருந்தது. அதை மறைக்கவில்லை.

அடுத்த வாரம் மேடையில் பாடினார். நீ சொன்னாயே, கண்ணை மூடிக்கொள்வது, நெஞ்சில் கை வைத்துக்கொள்வது, எல்லாம் அன்றைக்கே ஆரம்பம். நான் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். “பெத்த மனசு எப்படி வேகுது பாரேன்” என்று எனக்கு முன்னால் ஒருத்தி அழுதாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “அது நான் சொன்னதுன்னு அங்க சொன்னீங்களா?” அவர், “யாரு சொன்னா என்னம்மா, கேக்கறவங்க அழுதாங்களா இல்லியா?” என்றார். அதற்கு அப்புறம் முப்பத்தோரு வருஷம் அந்தப் பேச்சே இல்லை. ‘உள்ளே வா’வும் இல்லை.

ஆக, அது மன்னிப்பு இல்லை. நான் திட்டியது. என் திட்டை வாங்கி அவர் தன் வருத்தம் என்று போட்டுக்கொண்டார். நீ முப்பது வருஷமாக உன் கோபத்தை ஆற்றிக்கொண்டது என் கோபத்தை வைத்து.

நிபந்தனையை மாற்றுகிறேன். பாட்டு வரட்டும். அந்த நாலு வரிக்குக் கீழே ‘இது மகள் சொன்னது’ என்று ஒரே வரி போடுங்கள். பெயர்கூட வேண்டாம். பதினோரு நோட்டுகளையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏழாவது நோட்டைப் பார். நீதான் லென்ஸ்காரன் ஆயிற்றே.

அக்கா

*

ஏப்ரல் 27

அக்கா,

பார்த்தேன். கடையில் எல்லோரும் போன பிறகு லென்ஸ் அறையிலேயே உட்கார்ந்து, கீறல் பார்க்கும் பெரிய லென்ஸை வைத்துப் பார்த்தேன்.

பதினோரு நோட்டிலும் அப்பாவின் விரல் முந்நூற்றுக்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு வெட்டு. பழைய பெயிண்டைச் சுரண்டும் தகடு கிழித்த வடு. நான் பிறப்பதற்கு முன்னாலேயே இருந்தது என்று அம்மா சொல்வாள். ஏழாவது நோட்டில், கடைசி நாலு வரிக்குப் பக்கத்தில் இருக்கும் விரலில் மட்டும் அந்த வடு இல்லை. அது சின்ன விரல். கோடுகள் அவ்வளவு சுத்தமாக, ஒன்றுகூடக் கலங்காமல் விழுந்திருக்கின்றன.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன்மேல் கோபம் வந்தது, ஏன் சொன்னாய் என்று. அப்புறம் இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. யார்மேல் வர வேண்டுமோ அவர்மேல் வர மாட்டேன் என்கிறது.

குழுவில் நோட்டைக் காட்டிச் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “வடு இல்லைங்கறீங்க. இடது கைய வெச்சிருக்கலாம் இல்லையா?” என்றார். “இது ஒரு தகப்பனோட குற்ற உணர்ச்சி. பதினாலு பக்கம் எழுதியிருக்கேன். ஒரு பொண்ணு கோபத்துல கத்தினதுன்னு இப்ப எப்படிப் போடறது?” என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். உன் கட்டைவிரல் ரேகையை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து அனுப்பினால், நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றென்றால் அந்த வரியைப் போட்டுவிடலாமாம்.

ஒரு விரல்தானே அக்கா. மை தொட்டு வைத்து உடனே அனுப்பு. மே 15-க்குள் அச்சுக்குப் போக வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

*

மே 5

தம்பி,

நான் மெஷினைப் பற்றி எழுதியதை நீ படிக்கவே இல்லை. அல்லது படித்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாய்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி ஆபீஸில் மை வாங்கி ஆறு தடவை வைத்தேன். ஆறும் உனக்கு முன்னால் இருக்கிறது. நீல நிறத்தில் ஆறு பொட்டு. கோடு ஒன்றுகூடக் கிடையாது. உன் பேராசிரியர் லென்ஸ் வைத்துத் தேடட்டும்.

அந்தப் பதினோரு நோட்டும் யார் கையெழுத்து என்று அவர் கேட்கவே இல்லை பார். என் எழுத்தெல்லாம் அப்பாவுடையது. என் விரலுக்கு மட்டும் சாட்சி வேண்டும்.

எனக்குத் தெரிந்த சாட்சி ஒருவர் அம்மா. இன்னொருவர் அப்பா. இரண்டு பேரும் போய்விட்டார்கள். மூன்றாவது நீ. நீ பார்த்ததை நீ சொல்.

அக்கா

*

ஜூன் 16

அன்புள்ள அக்கா,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உனக்கே தெரிந்திருக்கும்.

அந்த வரி புத்தகத்தில் இல்லை. உன் தாளைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் ஒன்றும் கேலி செய்யவில்லை. “பாவம்” என்று மட்டும் சொன்னார். “அவங்க அப்படி நம்பறாங்க, அதுல தப்பில்ல. ஆனா அச்சுல ஆதாரம் வேணும்” என்றார். நான் இரண்டு கூட்டத்தில் பேசினேன். மூன்றாவது கூட்டத்தில் எல்லோரும் சோர்ந்துபோயிருந்தார்கள். நானும்தான். குடும்பத்தின் சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினார்கள். போட்டுவிட்டேன். உனக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். நீ எடுக்க மாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று முன்தினம் விழா. எண்ணூறு இருக்கையும் நிறைந்து சுவரோரமெல்லாம் ஆட்கள். கடைசியாகத்தான் ‘பச்சைக் கதவு’. மூன்று அடி பாடினேன். நாலாவது அடி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றுதான். அது அப்பாவுடையது இல்லை, அவர் பெயரில் இனிமேல் பாட மாட்டேன் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். என்னால் ஆனது அதுதான் அக்கா.

நான் துக்கம் தாங்காமல் நின்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அப்புறம் எண்ணூறு பேரும் சேர்ந்து பாடினார்கள். எழுந்து நின்று பாடினார்கள். பேராசிரியர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

புத்தகத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அட்டை நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். நோட்டுகள் இப்போதைக்குக் குழுவின் அலமாரியில் இருக்கின்றன.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

தம்பி

*

ஜூன் 25

தம்பி,

புத்தகம் வந்தது.

முதலில் விழாவைப் பற்றி. வாயை மூடிக்கொண்டாயாம், எனக்காக. நம் வீட்டில் முப்பத்தோரு வருஷமாக எல்லோரும் செய்தது அதுதானே. அம்மா மூடிக்கொண்டாள், அப்பா மூடிக்கொண்டார், இப்போது நீ. நூற்றுப் பன்னிரண்டு பாட்டில் என்னுடையது என்று இருந்தது நாலே வரி. அந்த நாலு வரியை மட்டும் பாடாமல் விட்டுவிட்டு, எனக்கு நியாயம் செய்ததாக எழுதுகிறாய். அது அப்பாவுடையது இல்லை என்று நினைத்து நிறுத்தினாய். அது அக்காவுடையது என்று நினைத்திருந்தால் தொண்டை கிழியப் பாடியிருப்பாய். பாடுவதற்கு முன்னால் நாலு வார்த்தை சொல்லவும் உன் கையில் மைக் இருந்தது.

எண்ணூறு பேர் எழுந்து நின்று பாடினார்கள் என்பதைப் படித்தபோது மட்டும் ஒரு சின்ன திருப்தி. எண்ணூறு பேரும் அப்பாவைத் திட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

இனி அட்டை. அதில் என்ன இருக்கிறது என்று எழுதாமல் நீ நழுவினதிலேயே எனக்குச் சந்தேகம். பிரித்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கி, பச்சை நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் கீழே அப்பாவின் பெயர். உள்ளே, பொடி எழுத்தில், ‘அட்டையில்: ஏணிக்காரரின் விரல் தடம்’. முந்நூறு ரேகையில் எது சுத்தமாக, கலங்காமல் விழுந்திருக்கிறது என்று தேடி எடுத்திருக்கிறார்கள். குறுக்கே வடு இல்லை, தம்பி. அட்டை அடிப்பதற்கு முன்னால் உன்னிடம் காட்டித்தானே கையெழுத்து வாங்கியிருப்பார்கள்? நீ லென்ஸ் வைத்துப் பார்த்தவன். தெரியவில்லை என்று சொல்லாதே.

சலவை அறையில் புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். விரிப்பு மடிக்கிறவள் அட்டையைத் தடவிவிட்டு, “உங்கப்பா கை எவ்ளோ அழகா இருக்குக்கா” என்றாள். நான், “ஆமாம்” என்றேன். பார், நானும் வாயை மூடிக்கொண்டேன். பரம்பரை வியாதி.

என் விரலில் இப்போது ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி மெஷினும் உன் பேராசிரியரும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். என் ரேகை எப்படி இருந்தது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. சாயங்காலம் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். நடுவில் ஒரு சுழி, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. உலகத்தில் அது மிச்சம் இருப்பது ஏழாவது நோட்டிலும் அந்த அட்டையிலும் மட்டும்தான். ஆயிரம் பிரதி. ஆயிரத்திலும் கீழே அப்பா பெயர்.

ஏழாவது நோட்டை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பு. குழுவில் கேட்டால் பேசாமல் நில். அது உனக்கு நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஏணியை எடுத்துப்போட்டு, பச்சையைச் சுரண்டிவிட்டுக் கதவுக்கு வேறு பெயிண்ட் அடித்தேன். படம் எடுக்க வந்த இரண்டு பேர் தெருவில் நின்று தேடிவிட்டு, வீடு இது இல்லை போலிருக்கிறது என்று போய்விட்டார்கள். என்ன நிறம் என்று உனக்கு எழுத மாட்டேன். நம் வீட்டில் கதவின் நிறத்தைச் சொன்னால் அது பாட்டாகிவிடும்.

நீ வந்தால் பார்த்துக்கொள்ளலாம். தட்டு, திறப்பேன். வெயிலில் நிற்கவைக்க மாட்டேன். ஆனால் ‘உள்ளே வா’ என்று என் வாயில் வருமா என்று தெரியவில்லை. அந்த வார்த்தையை இந்த வீட்டில் நான் யார் சொல்லியும் கேட்டதில்லை.

அக்கா